அறுபது பேர் ஒரு நாள் வருவதை விட, ஐந்து பேர் மாதாமாதம் வாருங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும், இளைஞர் குழுக்களுக்கும், மார்ச் மாதம் வந்தால் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கிளம்பி வரும் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்ச் முதல் ஞாயிறு, கிளீன் அப் ஆஸ்திரேலியா தினத்தன்று, நாங்கள் பார்த்துக்கொள்ளும் கரைக்கு அறுபது பேர் வந்தீர்கள். குழந்தைகளோடு, தாத்தா பாட்டிகளோடு, காலை எட்டரைக்கே வந்து நின்றீர்கள், எங்கள் குழு வழக்கமாக ஏழெட்டுப் பேர்தான் என்பதால் வண்டி நிறுத்துமிடம் நிரம்பியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று நீங்கள் பொறுக்கிய குப்பை நாங்கள் மூன்று மாதம் பொறுக்கியிருந்தாலும் சேர்ந்திருக்காது. அதற்கு முதலில் நன்றி. இந்த நன்றியை ஒப்புக்குச் சொல்லவில்லை, அடுத்து எழுதப்போவதைப் படித்து யாராவது மனம் வருந்திவிடக் கூடாது என்பதால் இதைத் திரும்பவும் சொல்கிறேன், நன்றி.

அன்று பதினொரு மணி வாக்கில் குப்பை தீர்ந்துவிட்டது. ஆட்கள் இருக்கிறார்கள், கையில் வேலை இல்லை. "களை இருக்கிறது என்றீர்களே, அதையும் எடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்டார்கள், எங்களில் ஒருவர் கிழக்குப் பக்கச் சரிவைக் காட்டினார். அவர் சொல்லிக்கொடுத்தது ஒரு செடியைப் பற்றி. அரை மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, கடலைப் பார்த்த முகப்பில் ஏறத்தாழ பதினைந்து மீட்டர் நீளத்துக்குப் புல் எல்லாம் வேரோடு வந்து குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் இளஞ்சிவப்புப் பூ பூக்கும் சதைப்பற்றுள்ள கொடி, அதுவும் சுருட்டி எடுத்துச் சாக்கில் போடப்பட்டிருந்தது. ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், வியர்த்து வழிய, "அங்கிள், எல்லாம் கிளியர்" என்றான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அவ்வளவு மனசாகச் செய்திருந்தான்.

அந்தப் புல்தான் மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் ஸ்பினிஃபெக்ஸ். நம் கடற்கரைகளில் இராவணன் மீசை என்று ஒன்று பார்த்திருப்பீர்களே, காலில் குத்துமே, காற்றில் பந்தாக உருண்டு ஓடுமே, அதற்கு உடன்பிறந்த இனம் இது, ஆனால் இதன் இலை வெள்ளிப் பட்டு மாதிரி மென்மையாக இருக்கும். அந்தக் கொடிக்கு இங்கே பிக்ஃபேஸ் என்று பெயர், கர்கல்லா என்றும் சொல்வார்கள், இந்தக் கரையின் பூர்வகுடிகளான பூன் வூரங் மக்கள் அதன் பழத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டவர்கள்.

தப்பு எங்களுடையது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறுபது பேருக்குச் செடி அடையாளம் சொல்ல எங்களிடம் இருந்தது நான்கு பேர். ஒரு களையைக் காட்டிவிட்டு ஒரு சரிவையே கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். அதனால் குறை சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்பதற்காக எழுதுகிறேன்: அடுத்த வருடம் மார்ச்சில் அறுபது பேரை அனுப்புவதற்கு முன்னால், இந்த மாதத்திலிருந்தே மாதத்துக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம், ஐந்து பேரை அனுப்புங்கள். முடிந்தவரை அதே ஐந்து பேரை.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குப்பை பொறுக்குவதும் களை எடுப்பதும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே கையுறையோடு நடந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலைகள்.

குப்பைக்குக் கூட்டம் நல்லது. அந்த மார்ச் தினமே அப்படித்தான் பிறந்தது. இயன் கியர்னன் என்ற பாய்மரப் படகோட்டி, 1986-87இல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் போனபோது, அட்லாண்டிக்கின் நடுவே சர்காசோ கடலில் மிதந்த குப்பையைப் பார்த்து மனம் உடைந்து திரும்பினார், 1989இல் சிட்னித் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய ஒரு நாள் குறித்தார், 40,000 பேர் வந்தார்கள். மறு வருடம் அது நாடு முழுக்கப் பரவியது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் போய்விட்டது. நாளைக்கு வேறொன்று வரலாம், ஆனால் எடுத்த பாட்டில் மணலுக்கடியில் விதை போட்டு வைத்துவிட்டுப் போவதில்லை.

களை போட்டு வைத்துவிட்டுத்தான் போகிறது. எங்கள் கரையில் எங்களை அதிகம் வேலை வாங்குவது போன்சீட் என்ற புதர். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வசந்தத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், பார்க்க அழகாகவே இருக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோட்டச் செடியாக வந்தது. காய்ந்த விதை எலும்பு நிறத்தில், எலும்பு மாதிரி கடினமாக இருக்கும், பெயரும் அதனால்தான். வளர்ந்த ஒரு புதர் வருடத்துக்கு 50,000 விதை வரை போடும். அந்த விதை மண்ணில் பத்து வருடம், அதற்கு மேலும் கூட, முளைக்கக் காத்துக்கொண்டிருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரு பெரிய கூட்டம் வந்து ஒரே நாளில் ஒரு சரிவு முழுவதும் போன்சீட்டைப் பிடுங்கிவிடுகிறது, எல்லோரும் முன்னும் பின்னும் எடுத்த படத்தைப் போடுகிறார்கள், உண்மையிலேயே பெரிய மாற்றம்தான். அதுவரை நிழலில் கிடந்த மண்ணில் முதல்முறையாக வெயில் விழுகிறது. இலையுதிர்கால மழை வருகிறது. ஜூன் மாதம் போய்ப் பார்த்தால் அந்தச் சரிவில் கீரைப்பாத்தி மாதிரி போன்சீட் நாற்று. ஒரு சதுர மீட்டரில் எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் நிறுத்தியிருக்கிறேன்.

அந்த நாற்றுகளை யாராவது எடுத்தாக வேண்டும். விரல் நீளம் இருக்கும்போது எடுத்தால் ஒரு குழந்தை கூட இரண்டு விரலால் எடுத்துவிடலாம், ஈர மணலில் வெண்ணெயில் கத்தி போன மாதிரி வரும், வேர் மேலோட்டமானது. விட்டுவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் பூத்துவிடும், பூத்தால் திரும்பவும் விதை, திரும்பவும் பத்து வருடம். ஆக, கூட்டமாக வந்து பெரிய புதரைப் பிடுங்கிவிட்டு அப்புறம் யாரும் வராமல் போனால், சில சமயம் அந்த இடம் முன்பிருந்ததை விட மோசமாகிவிடும். நான் ஒன்பது வருடமாக இங்கே மண்டியிட்டு வேலை செய்கிறேன், இதை இரண்டு இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதன் உடன்பிறப்பு பீட்டூ புஷ் என்று ஒன்று நியூ சவுத் வேல்ஸ் கரையில் இருக்கிறது. அதன் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1908இல் நியூகாசில் பக்கத்தில் ஸ்டாக்டனில் முதலில் கண்டார்கள், கப்பல்கள் பாரத்துக்காகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1946இலிருந்து 1968 வரை அந்த மாநில மண் பாதுகாப்புத் துறையே அதைக் கரை நெடுக நட்டது. மணல் பறந்துபோகிறது, சுரங்கம் தோண்டிய இடங்கள் மொட்டையாகக் கிடக்கின்றன, இந்தச் செடி வேகமாகப் பிடிக்கிறது, நட்டுவிடுவோம் என்று. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். இன்றைக்கு அந்த மாநிலக் கடற்கரையின் பெரும்பகுதியில் அது பரவிக் கிடக்கிறது, நாட்டின் மிக மோசமான களைகளின் பட்டியலில் போன்சீட்டும் அதுவும் சேர்ந்தே இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவசரத்தில், நிறையக் கைகளோடு, செடியைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கரையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஒரு கதை இருக்கிறது. ஜோன், ஐலீன் என்று இரண்டு சகோதரிகள், பிராட்லி சகோதரிகள் என்றால் இங்கே களை எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். 1960களில் சிட்னித் துறைமுகக் கரையில், மாஸ்மன் பகுதியில் ஆஷ்டன் பூங்காவில், தினமும் நடக்கப் போகும்போது கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் களை எடுத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த முறை எளிமையானது, ஆனால் மனசு கேட்காது. களை மண்டிக் கிடக்கும் இடத்தில் ஆரம்பிக்காதே, நல்ல இடத்தில் ஆரம்பி. பூர்வீகச் செடிகள் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு களை இருக்கும், அதை எடு, அங்கிருந்து மெதுவாக மோசமான இடத்தை நோக்கிப் போ. மண்ணைக் கிளறாதே. பூர்வீகச் செடி எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகிறதோ அவ்வளவு வேகத்தில் மட்டும் களையை எடு.

புதிதாக வருகிற எல்லோருக்கும் கண் நேராக மண்டிக் கிடக்கும் இடத்துக்குத்தான் போகும். எனக்கும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான். நல்ல இடத்தில் மணிக்கணக்காகத் தேடித் தேடிப் பத்துச் செடி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பத்துச் செடி போன இடத்துக்கு அடுத்த வருடம் போனால், பக்கத்துச் செடி தானாகவே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் நடவே வேண்டியதில்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு நீங்கள் வராமல் இருக்க மாட்டீர்கள், அதனால்தான் "அதே ஐந்து பேர்" என்று கேட்கிறேன். ஒரு நாள் வருகிறவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். முழங்காலுக்கு ஒரு மெத்தை, தோல் கையுறை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி, கோடையில் பாம்பு உண்டு என்பதால் காலுக்கு உறை. இரண்டு இரண்டு பேராகப் போவோம், ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர். எங்கள் குழுவில் எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார், எனக்குப் பழக்கியவர் அவர்தான். போன்சீட் நாற்றைப் பிடித்தால் உடனே இழுக்க மாட்டார். முதலில் மற்றொரு கையால் பக்கத்து மண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொள்வார், பிறகுதான் இழுப்பார், மண் பெயராமல் இருக்க. வேரை இரண்டு தட்டு தட்டி ஒட்டிய மணலை அதே குழியில் விழச் செய்வார். குழியைப் பெருவிரலால் மூடுவார். பிடுங்கிய செடியை வேர் மேலே பார்க்க ஒரு கிளையில் மாட்டிவிடுவார், மண்ணில் பட்டால் சில சமயம் திரும்ப வேர் விட்டுவிடும். இவ்வளவும் ஐந்து விநாடி. தரையைப் பார்த்தால் யாரோ வந்து போன அடையாளமே இருக்காது. இளம் இலையில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் இருக்கும், அதை விரலால் தேய்த்தால் பச்சை தெரியும், அது போன்சீட். இதைக் கண்ணால் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது, உங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரலாம்.

இன்னொரு களை சீ ஸ்பர்ஜ். ஐரோப்பாவிலிருந்து கப்பலோடு வந்தது, மணல்மேட்டின் முகப்பிலேயே, ஸ்பினிஃபெக்ஸ் இருக்க வேண்டிய இடத்திலேயே நிற்கும். அம்மான் பச்சரிசிச் செடியை உடைத்தால் பால் வருமே, அதே குடும்பம், அதே வெள்ளைப் பால். ஆனால் இந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். அதனால் இதைக் குழந்தைகளிடம் கொடுப்பதே இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டவர்கள் மட்டும்தான் எடுப்போம். இதன் விதை கடலில் மிதந்தே வருடக்கணக்கில் பயணம் போகும். டாஸ்மேனியாவின் தென்மேற்குக் கரையில், சாலையே இல்லாத இடங்களில், ஸ்பிராட்ஸ் என்ற தன்னார்வலர் குழு 2000களின் பிற்பகுதியிலிருந்து முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து போய் இதைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு கோடிச் செடிக்கு மேல். எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது, எடுத்த இடத்துக்கே வருடா வருடம் திரும்பிப் போனார்கள் என்பதுதான். மறு வருடம் முளைத்ததை எடுத்தார்கள், அதற்கடுத்த வருடமும் எடுத்தார்கள், எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மழையிலும் குளிரிலும் அங்கே நடந்து போனவர்களை நினைத்தால், வண்டியை நிறுத்திவிட்டு நூறு அடி நடந்து வேலையைத் தொடங்கும் நமக்கு மாதத்துக்கு ஒரு காலை பெரிய விஷயம் இல்லை.

சரி, குப்பைக்கும் வருகிறேன், ஏனென்றால் அதிலும் மூன்று விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசி குப்பை இல்லை. நாற்றம் அடிக்கும், ஈ மொய்க்கும், படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் இந்தத் தடவை சிலர் அதையும் வாரிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். அதை ஒரு குச்சியால் மெதுவாகப் புரட்டிப் பாருங்கள், அடியில் அரிசி அளவுக்கு நூற்றுக்கணக்கில் பூச்சிகள் துள்ளும். கரைப் பறவைகளின் சாப்பாட்டுத் தட்டு அதுதான். காற்றில் வரும் மணலை முதலில் தடுத்து நிறுத்துவதும் அதுதான், புது மணல்மேடு அப்படித்தான் தொடங்குகிறது. அதற்குள் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுங்கள், பாசியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பறவை. ஹூடட் பிளவர் என்று கரிய தலையும் சிவந்த அலகுமாக ஒரு சின்னப் பறவை, ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் முட்டை வைக்கும். கூடு என்று ஒன்றும் கிடையாது, அலை ஏறும் கோட்டுக்கு மேலே மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டை. நாலு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் அதுவே ஓடி அதுவே இரை தேட வேண்டும், பறக்க இன்னும் ஐந்து வாரம் ஆகும். மனிதர் பக்கத்தில் வந்தால் தாய்ப்பறவை எழுந்து ஓடிவிடும், வெயிலில் முட்டை வெந்துவிடும். மார்ச் முதல் ஞாயிறு இந்தப் பருவத்தின் கடைசியில் விழுகிறது. அறுபது பேர் வரிசையாகக் கரை நெடுக நடந்தால், ஒளிந்து கிடக்கும் ஒரு குஞ்சு அன்று முழுவதும் சாப்பிடாமல் கிடக்கலாம். நாங்கள் அன்று கயிறு கட்டி ஒரு பகுதியை மறித்திருந்தோம், நீங்கள் எல்லோரும் மதித்தீர்கள், ஒருவர் கூட உள்ளே போகவில்லை, அதை நாங்கள் கவனித்தோம். ஆனால் கயிறு கட்டாத இடத்திலும் பறவை இருக்கும். ஐந்து பேர் என்றால் ஈர மணல் ஓரமாகவே நடந்து போய் வேலையை முடித்துவிடலாம், அறுபது பேரை அப்படி நடத்திப் போக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, எண்ணுவது. பையை நிரப்புவதை விட, என்ன கிடைத்தது என்று எண்ணி எழுதுவது பல சமயம் அதிகப் பயன் தருகிறது. டாங்கரோவா ப்ளூ என்ற அமைப்பு 2004இலிருந்து நாடு முழுவதும் கடற்கரைக் குப்பையைத் தன்னார்வலர்களை வைத்து வகை பிரித்து எண்ணித் தொகுக்கிறது. துவரம்பருப்பு அளவில் பிளாஸ்டிக் மணி கிடைக்கும், பொருள் செய்வதற்கு முந்தைய மூலப்பொருள் அது, கப்பலிலோ தொழிற்சாலையிலோ சிந்தி மழைநீர்க் கால்வாய் வழியாக வருகிறது. ஒரே இடத்தில் மாதாமாதம் எண்ணினால்தான் எந்த மழைக்குப் பிறகு கூடுகிறது, எந்தக் கால்வாயிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். அதற்கும் அதே ஆட்கள், அதே இடம், அதே நேரம் வேண்டும். கணக்குப் போடுவதிலும் அட்டவணை போடுவதிலும் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது என்று மனசார நம்புகிறேன்.

அப்புறம் ஒன்று, மண்வெட்டி கொண்டுவர வேண்டாம். மணல்மேட்டுக்குள் சில இடங்களில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கரியோடு கலந்து தெரியும். பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடம் உட்கார்ந்து சாப்பிட்ட இடங்கள் அவை, சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஒரு தடவை தோண்டிவிட்டால் திரும்ப அடுக்க முடியாது. கையால் வராத செடி என்றால் அடியில் வெட்டி, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி மருந்து தடவுவோம், அதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்வார்கள். வந்ததும் பெயரையும் கையெழுத்தையும் வாங்குகிறோமே, சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது, கேட்டேன். இது அரசு நிலம், விக்டோரியாவின் கடற்கரையில் 96 சதவீதம் பொது நிலம்தான், யாருக்காவது அடிபட்டால் காப்பீடு கிடைக்க அந்தக் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு பெண் தன் அப்பாவை அழைத்து வந்தார். மூன்று மாதம் மகள் வீட்டில் இருக்க வந்தவர், வாழ்நாள் முழுக்க நெல் பயிரிட்டவர், ஆங்கிலம் தெரியாது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கூட்டி வந்தார். நான் போன்சீட் இலையைக் காட்டினேன். வாங்கிக் கசக்கி மோந்தார், தண்டைக் கிள்ளினார், வேரைப் பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனார், பின்னால் ஒரு பூர்வீகச் செடி கூட அசையவில்லை. நடுவில் என்னைக் கூப்பிட்டு ஒரு நாற்றைக் காட்டி, "இது அது இல்லை, இதை விடலாம்" என்றார். பார்த்தால் கரையோர டெய்சிப் புதரின் நாற்று, பூர்வீகச் செடி, எங்கள் குழுவிலேயே பலர் குழம்புகிற செடி. எழுபத்தாறு வயது அம்மா அவரிடம் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், அவர் தமிழில் பதில் சொன்னார், இருவரும் வேரைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் மொழிபெயர்க்கப் போனேன், தேவைப்படவில்லை. ஊர் திரும்பும் வரை ஒரு நாள் கூட அவர் தவறவில்லை.

சங்கங்களே, உங்கள் உறுப்பினர் வீடுகளில் இப்படி எத்தனை அப்பா அம்மாக்கள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? நாற்று எது களை எது என்று கைக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களை அனுப்புங்கள். வண்டிதான் பிரச்சினை என்றால் ஆளுக்கு ஒரு மாதம் முறை வைத்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன்.

பதாகைக்கும் சட்டைக்கும் ஒதுக்கும் பணத்தில் பத்து ஜோடி நல்ல தோல் கையுறை வாங்கித் தந்தால் அது எங்களுக்கு வருடம் முழுவதும் வரும். படம் எடுங்கள், தாராளமாக எடுங்கள், ஆனால் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு மாதமும் எடுங்கள், அந்தப் படங்கள் எங்களுக்கே வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் வெட்டியதைக் கடற்கரை வேலிக்கு மேலே வீசாதீர்கள் என்று உங்கள் கூட்டங்களில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும் கசானியா, நீலப் பூ பூக்கும் அகபாந்தஸ் இரண்டும் தோட்டங்களிலிருந்துதான் மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தன. மார்ச் தினத்துக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அன்று குப்பைக்கு வாருங்கள், அறுபது பேரும் வாருங்கள், அதற்குள் உங்களில் ஐந்து பேர் ஒரு வருடம் எங்களோடு வேலை செய்திருந்தால், அன்று ஆளுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தப் பதினைந்து மீட்டரைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறீர்கள். ஏப்ரலில் அடித்த காற்றில் அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு மணல் போய்விட்டது, மேலே நடைபாதை வேலியின் இரண்டு கம்பங்கள் அடி தெரிய நிற்கின்றன. இரண்டு ஓரத்திலும் தப்பிய ஸ்பினிஃபெக்ஸ் இருக்கிறது, அது உள்நோக்கிக் கொடி விட ஆரம்பித்திருக்கிறது, போன வாரம் அளந்தேன், கிழக்கு ஓரத்தில் ஒரு கொடி இரண்டரை மீட்டர் வந்திருக்கிறது, கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கிறது. நடுவில் நடுவதற்குக் கொடித் துண்டுகள் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி என்பதால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் மணல் ஈரமாக இருக்கும்போதுதான் பிடிக்கும்.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நட ஆரம்பிக்கிறோம். படிக்கட்டு முடியும் இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்போம். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் வீட்டார் இதைப் படித்தால் அவனைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். முதல் கொடியை அவன் கையால் நட வேண்டும் என்று எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம்.